150 கிராம் புரதமும் 3500 கலோரியும் உங்களுக்குத் தேவையில்லை

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 24, உயரம் 170 செ.மீ., எடை 56 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை, நாள் முழுக்க நின்றுகொண்டே. நாலு மாதமாக வாரத்துக்கு நாலு நாள் ஜிம்முக்குப் போகிறீர்கள். ஜிம் மாஸ்டர் சொன்னபடி கடைசி இரண்டு மாதமாகத் தினமும் மூன்று ஸ்கூப் புரோட்டீன் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறீர்கள். எடை 56-ஐத் தாண்டவில்லை. இப்போது மாஸ்டர், "உனக்கு 150 கிராம் புரதம், 3500 கலோரி வேண்டும், இன்னும் ஒரு ஸ்கூப் சேர்" என்கிறார். பவுடருக்கு மாதம் 4500 ரூபாய் ஆகிறது, சம்பளம் 17,000. வீட்டில் அசைவம் கிடையாது, வெளியில் முட்டை மட்டும் சாப்பிடுவீர்கள். ஊரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் பவுடர் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று அழுகிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

எத்தனை கிராம், எத்தனை கலோரி என்று எண்ணைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் ஒரு டப்பாவுக்குக் கொடுக்காவிட்டால் நாலு மாதம் தூக்கிய வெயிட் எல்லாம் வீண்தானா என்பதுதான் உங்கள் மனதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. வீண் இல்லை, தம்பி. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றக் கணக்குக்கு வருகிறேன். நான் மருத்துவமனையில் 17 வருடமாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். பகலில் சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் உணவு எழுதுவது வேலை. மாலையில் கபடி ஆடும் பையன்கள், ஜிம் போகிறவர்கள் வருவார்கள். புரதத்தைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டியவர்களையும், போதாமல் வாடுகிறவர்களையும் ஒரே நாளில் பார்க்கிற இடம் அது.

இந்தியர்களுக்கான அளவுகளை வெளியிடுவது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 1918-ல் நம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. 2020-ல் அவர்கள் வெளியிட்ட அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், உங்களுக்கு 46 அல்லது 47 கிராம். ஆனால் அது ஆரோக்கியமான ஒருவர் தன் உடம்பில் இருப்பதை இழக்காமல் இருக்கத் தேவையான அளவு. எடை தூக்கி, இருப்பதற்கு மேல் சேர்க்க நினைக்கிறவருக்கு அது போதாது.

அவர்களுக்கு எவ்வளவு என்பதற்கு 2018-ல் ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு வந்தது. எடைப் பயிற்சி செய்த 1863 பேரை வைத்து நடந்த 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தப் புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் வரை கூடக் கூடத் தசையும் கூடியது, அதற்கு மேல் கொடுத்தபோது சராசரியில் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் எடைக்கு அது 90 கிராம். இதில் ஒரு சந்தேகத்தையும் சொல்ல வேண்டும்: அந்த 1.6 கல்லில் பொறித்த எண் இல்லை. ஆய்வாளர்களே 1.03-லிருந்து 2.2 வரை எங்கு வேண்டுமானாலும் உண்மையான எல்லை இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மேல் எல்லையையே எடுத்துக்கொண்டாலும் உங்களுக்கு 123 கிராம்தான் வரும். 150 கிராம் என்பது கிலோவுக்கு 2.7. பெரும்பாலும், 90 கிலோ ஆளுக்குச் சொன்ன கணக்கு அப்படியே உங்களுக்கும் வந்திருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. விளம்பரங்களில் அது வருவதில்லை. சராசரியாகப் பதின்மூன்று வாரம் நடந்த பயிற்சியில், கூடுதல் புரதம் எதுவும் எடுக்காமல் வெறும் எடைப் பயிற்சியால் மட்டும் கொழுப்பில்லாத எடை சுமார் 1.1 கிலோ ஏறியது. கூடுதல் புரதம் அதன் மேல் சேர்த்தது 0.3 கிலோ. ஏறியதில் ஐந்தில் நாலு பங்கு வெயிட் தூக்கியதால் வந்தது. உங்கள் கம்பெனியிலேயே பாருங்கள், துணி எவ்வளவு குவிந்து கிடந்தாலும் ஆர்டர் வராமல் டெய்லர் மெஷினில் உட்கார மாட்டார். தசைக்கு ஆர்டர் கொடுப்பது பயிற்சி. துணி புரதம். மெஷின் ஓடக் கரண்டும் வேண்டுமே, அதுதான் கலோரி. உங்கள் விஷயத்தில் கரண்டில்தான் குறை என்று நினைக்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் தசை எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். இது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஒரு கிலோ தசையில் முக்கால் பங்கு தண்ணீர். புரதம் 200 கிராம் இருக்கும், கொஞ்சம் கொழுப்பும் மாவுச்சத்தும் மீதி. நீங்கள் இரண்டு மாதத்தில் ஒரு கிலோ தசை ஏற்றினால் (அது நல்ல வேகம்), உடம்பில் புதிதாகத் தங்கும் புரதம் அந்த 200 கிராம்தான். அறுபது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அரை முட்டை. அப்படியானால் 90 கிராம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் உடம்பு தினமும் 250, 300 கிராம் அளவுக்குப் புரதத்தை உடைத்து மறுபடி கட்டிக்கொண்டே இருக்கிறது. உடைந்ததில் பெரும்பகுதி திரும்பப் பயன்படும், ஒரு பகுதி எரிந்து போகும். பயிற்சி நாளில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். அந்த ஓட்டத்தில் கட்டுவது உடைவதைவிடக் கொஞ்சம் முந்தியிருக்கத்தான் வரவைத் தாராளமாக வைக்கிறோம். தேவைக்கு மேல் போடுகிற புரதம் தசையாக மாறிவிடாது. எரிபொருளாக எரிந்து, அதன் நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் போய்விடும். ஒரு கிலோ பவுடருக்கு நீங்கள் கொடுக்கும் விலையை நினைத்தால் இது மிகச் செலவான எரிபொருள்.

இப்போது கலோரி. படுத்தே கிடந்தால்கூட உடம்பு எரிக்கும் அளவு உங்கள் வயது, உயரம், எடைக்குச் சூத்திரப்படி சுமார் 1500 வருகிறது. இந்தச் சூத்திரங்கள் வெளிநாட்டவரை அளந்து எழுதியவை, நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூட்டியே காட்டும். நிற்கும் வேலை, நாலு நாள் ஜிம் எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் செலவு 2300, 2400 பக்கம் இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். காலையில் டீயும் பன்னும், பத்து மணிக்கு நாலு இட்லி, மதியம் மெஸ்ஸில் சாதம், சாம்பார், பொரியல், கொஞ்சம் தயிர், சாயங்காலம் டீ, வடை, ராத்திரி மூன்று சப்பாத்தியும் குருமாவும். இதில் சுமார் 2000 கலோரி, 50 கிராம் புரதம் இருக்கிறது. மெஸ் சாப்பாட்டைத் தூரத்திலிருந்து கணக்கிடும்போது முன்னே பின்னே 200 கலோரி தவறலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஸ்கூப் பவுடர், ஸ்கூப்புக்கு 24 கிராம் புரதம், 120 கலோரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக மொத்தம் 122 கிராம் புரதம், 2360 கலோரி.

பார்த்தீர்களா? புரதம் ஏற்கனவே தேவைக்கு 30 கிராம் மேலே இருக்கிறது. கலோரி உங்கள் செலவுக்குச் சரியாக இருக்கிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும் இடத்தில் எடை நிற்கும், உங்களுக்கும் இரண்டு மாதமாக 56-லேயே நிற்கிறது. உடம்பில் கொழுப்புச் சேமிப்பு நிறைய உள்ளவர் இதே நிலையில் கொழுப்பைக் கரைத்துக்கொண்டே தசை ஏற்றிவிடுவார். 170 செ.மீ. உயரத்துக்கு 56 கிலோ இருக்கும் உங்களிடம் கரைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பாட்டில் கலோரி போதாதபோது பவுடரின் புரதமே நடந்து நிற்கும் வேலைக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இன்னொரு ஸ்கூப் சேர்த்தால் அதுவும் அப்படித்தான் போகும்.

எவ்வளவு கூட்டலாம்? செலவுக்கு மேல் 350-லிருந்து 480 கலோரி வரை என்று விளையாட்டு உணவியலில் பேசுகிறார்கள். இது உறுதியான எண் இல்லை, நியாயமான தொடக்கம். மாஸ்டர் சொன்ன 3500 உங்கள் செலவுக்கு மேல் 1100. அப்படிக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2012-ல் அமெரிக்காவின் லூசியானாவில் 25 பேரை எட்டு வாரம் தேவைக்கு மேல் தினமும் சுமார் 950 கலோரி சாப்பிட வைத்தார்கள். ஒரு குழுவுக்குப் புரதம் 47 கிராம், இன்னொன்றுக்கு 139, மூன்றாவதற்கு 228. பயிற்சி கிடையாது. கொழுப்பு மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியது, ஏனென்றால் கூடுதல் கலோரி மூவருக்கும் ஒன்றுதான். கொழுப்பில்லாத எடை மட்டும் குறைந்த புரதக் குழுவில் 0.7 கிலோ குறைந்தது, நடுக் குழுவில் 2.87 கிலோ ஏறியது, அதிகப் புரதக் குழுவில் 3.18. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நடுவுக்கும் உச்சிக்கும் இடையே உள்ள தூரம்தான். புரதம் 90 கிராம் கூடியும் வித்தியாசம் 300 கிராம் எடை.

"நான் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாது" என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சாக்கு என்று சொல்லி நான் ஒதுக்க மாட்டேன். 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தபோது ஒருவருக்கு அரைக் கிலோகூடக் கொழுப்பு ஏறவில்லை, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல் ஏறியது. ஏறாதவர்கள் தங்களை அறியாமலே அதிகம் அசைந்திருக்கிறார்கள்: எழுந்து நடப்பது, காலாட்டுவது, உட்காராமல் நின்றே பேசுவது. நீங்கள் அந்த வகையாக இருக்கலாம். அதனால்தான் சூத்திரத்தைவிட எடை மிஷினை நம்பச் சொல்கிறேன்.

என்னிடம் வந்த ஒரு கபடிப் பையன் ஞாபகம் வருகிறது. கல்லூரிக் குழுவில் ஆடுகிறவன், 61 கிலோ. தினமும் மூன்று மணிக்கு மேல் பயிற்சி, மூன்று ஸ்கூப் பவுடர், காலையில் வெறும் வயிறு. சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு பிடிக்கிறது என்று அவன் காலையில் எதையும் தொடுவதில்லை. நான் முதல் முறை அவனுடைய புரதத்தை மட்டும் பார்த்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டேன். அது என் தவறு. இரண்டு மாதம் கழித்து ஒரு கிலோ குறைந்து வந்தான். அப்போதுதான் ஒரு வாரச் சாப்பாட்டை நோட்டில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். ஆடுகிற ஆட்டத்துக்கு 600, 700 கலோரி குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பயிற்சி முடிந்து வந்ததும் பழைய சோறு, தயிர், கடலைச் சட்னி, இரண்டு வாழைப்பழம் என்று மாற்றினோம். பவுடர் ஒரு ஸ்கூப்பாகக் குறைந்தது. மூன்று மாதத்தில் இரண்டரைக் கிலோ ஏறினான். அதிலிருந்து யார் வந்தாலும் மொத்தச் சாப்பாட்டை எழுதி வாங்காமல் புரதத்தைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.

உங்களுக்கு வருவோம். பவுடரை எடுத்துவிட்டால் கையில் இருப்பது 2000 கலோரி, 50 கிராம். 90 கிராமுக்கும், செலவான 2350-க்கு மேல் 400 சேர்த்து 2750 கலோரிக்கும் போக வேண்டும். மூன்று முழு முட்டை: 18 கிராம் புரதத்துக்கு மேல், சுமார் 215 கலோரி. ஐம்பது கிராம் நிலக்கடலை, அதாவது இரண்டு கைப்பிடி: 12 கிராம், 280 கலோரி. 300 மில்லி பசும்பால்: 9 அல்லது 10 கிராம், 200 கலோரி. இதோடு ஒரு வாழைப்பழம், 100 கலோரி. சேர்த்தால் 40 கிராம் புரதம், 800 கலோரிக்குச் சற்றுக் குறைவு. வேலை முடிந்தது. இன்றைய விலையில் இதெல்லாம் ஒரு நாளைக்கு 50, 60 ரூபாய்க்குள் அடங்கும். மாதம் 1800-ஐத் தாண்டாது. மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை மெஸ்ஸில் ஒரு நேரம் நல்ல சாப்பாட்டுக்குக் கொடுங்கள்.

அறையில் சமைக்க வசதி இல்லை என்றீர்கள். நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் அடுப்புக் கேட்காதவை. பொட்டுக்கடலையில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, வெல்லத்தோடு சாப்பிட்டால் ஷிப்ட் நடுவில் நல்ல தெம்பு. முட்டையை ஜிம்முக்குப் பக்கத்து டீக்கடையில் அவித்து வாங்கிக்கொள்ளலாம். ஊருக்குப் போகும் நாட்களிலும் விரத நாட்களிலும் முட்டைக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (ஐம்பது கிராம் கடலையை ஊறவைத்து அவித்தால் 10 கிராம் புரதம்), அல்லது முப்பது கிராம் மீல்மேக்கர். மீல்மேக்கரில் பாதி எடை புரதம்தான், முப்பது கிராமில் 15 வந்துவிடும். அம்மாவிடம் கொள்ளுப் பருப்புக் கடையச் சொல்லுங்கள், கொங்கு வீடுகளில் அதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெஸ்ஸில் ஒரு விஷயம் கவனியுங்கள்: அங்கே ஊற்றுகிற சாம்பாரில் ஒரு கரண்டிக்கு இரண்டு மூன்று கிராம் புரதம்கூட இருக்காது, தண்ணீர்தான் அதிகம். கட்டிப் பருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் முதல் சாதத்தை அதில் பிசைந்து சாப்பிடுங்கள்.

முட்டை மஞ்சளை எடுத்து வீசச் சொன்னார் மாஸ்டர் என்று எழுதியிருந்தீர்கள். வீசாதீர்கள். ஒரு முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சளில்தான் இருக்கிறது. பயிற்சிக்குப் பிறகு ஒரே அளவு புரதத்தை முழு முட்டையாகவும் வெள்ளையாக மட்டும் கொடுத்து ஒப்பிட்ட 2017 ஆய்வில் முழு முட்டைதான் தசைக் கட்டுமானத்தை அதிகம் தூண்டியது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது, நீண்டகாலத்தில் தசை அளவு மாறுமா என்று அது காட்டவில்லை. ஆனால் கலோரி தேடுகிற உங்களுக்கு மஞ்சளை எறிய ஒரு காரணமும் கிடையாது. குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு, பரம்பரைக் கொழுப்பு நோய் இருந்தால் மட்டும் இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சைவப் புரதம் தசைக்கு ஆகாது என்பதும் ஜிம்களில் அடிக்கடி காதில் விழும். புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனது. அவற்றில் லைசின் என்பது அரிசி, கோதுமையில் குறைவு, மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். இட்லி மாவிலேயே அது நடக்கிறது. 2021-ல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் முழுத் தாவர உணவுக்காரர்கள் 19 பேரையும் அசைவர்கள் 19 பேரையும் பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்ய வைத்து, இரு பக்கமும் கிலோவுக்கு 1.6 கிராம் வரும்படி பார்த்துக்கொண்டார்கள். தசையும் பலமும் இரு பக்கமும் ஒரே மாதிரி ஏறின. அந்த அளவை எட்டச் சைவர்களுக்குச் சோயாப் பவுடர் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் சாதம், பருப்பில் 90 கிராமை எட்டுவது கஷ்டம், வயிறு நிரம்பிவிடும். பாலும் முட்டையும் சாப்பிடுகிற உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஜிம் முடிந்து அரை மணிக்குள் குடிக்காவிட்டால் பலன் போய்விடும், ஒரே வேளையில் 30 கிராமுக்கு மேல் உடம்பு ஏற்காது என்பவையும் நீங்கள் கேட்டவை. உடம்பு ஏற்றுக்கொள்ளும், மெதுவாக எடுத்துக்கொள்ளும். 2023-ல் நெதர்லாந்தில் பயிற்சிக்குப் பிறகு ஒரே தடவையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்துப் பார்த்தபோது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் அது தசைக்குப் போய்க்கொண்டிருந்தது. மொத்த அளவு சரியாக இருந்தால் நேரம் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. மூன்று நாலு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்வது வயிற்றுக்கு எளிது என்பதால்.

அம்மாவின் பயத்தைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். சிறுநீரகம் ஆரோக்கியமாக இருக்கிறவர்களிடம் அதிகப் புரதத்தை ஒப்பிட்டு 2018-ல் 28 ஆய்வுகளைத் தொகுத்தார்கள், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் கெட்டதற்கான அடையாளம் இல்லை. அந்த ஆய்வுகளில் பல சில மாதங்களே நடந்தவை, இருபது வருடக் கதையை அவை சொல்லாது. மறுபக்கம், சிறுநீரகம் ஏற்கனவே பழுதானவருக்கு அதிகப் புரதம் கெடுதல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தினமும் கண்ணெதிரே பார்க்கிறேன். தனக்கு நோய் இருப்பது தெரியாமலே இருக்கிறவர்கள் நிறைய. அதனால் ஒரு முறை இரத்த அழுத்தம், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு, இரத்தத்தில் அளப்பார்கள்), சர்க்கரை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தால் இது கட்டாயம். தசை கூடினாலும், ஜிம்மில் சிலர் எடுக்கும் கிரியாட்டின் என்ற வேறொரு பவுடரை எடுத்தாலும் இந்தக் கிரியாட்டினின் கொஞ்சம் கூடித் தெரியும். ரிப்போர்ட் காட்டும்போது மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் "உங்களுக்கு ஆபத்து இல்லை" என்று இங்கிருந்து நான் எழுத முடியாது. 90 கிராம் உணவுப் புரதம் ஆரோக்கியமான 24 வயதுக்காரருக்குப் பயப்படும் அளவு அல்ல என்று மட்டும் அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

பவுடர் விஷமா? இல்லை. வே புரதம் என்பது பால் திரியும்போது பிரிகிற தண்ணீரிலிருந்து எடுப்பது. நேரமில்லாதவருக்கு வசதி, அவ்வளவுதான். என் கவலை டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதில். 2024-ல் கேரள மருத்துவர்கள் உள்பட ஒரு குழு இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்தபோது, அவற்றில் எழுபது சதவீதம் போலப் புரத அளவைத் தவறாக அச்சிட்டிருந்தன, சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. அதே வருடம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் தன் வழிகாட்டியில் பவுடர்களைத் தவிர்க்கச் சொன்னது. கிலோவுக்கு 1.6-க்கு மேல் பலன் கூடாது என்றும் அதில் இருக்கிறது. எடை ஏற்றும் பவுடர், மாஸ் கெயினர் என்று விற்பதைத் தொடவே வேண்டாம், அதில் பெரும்பகுதி மாவுச்சர்க்கரை. வாழைப்பழமும் சோறும் அந்த வேலையைச் செய்யும்.

எடையை எப்படிக் கவனிப்பது? காலையில் கழிவறை போய்விட்டு, சாப்பிடும் முன், வாரம் மூன்று நாள் பார்த்து எழுதுங்கள். அந்த மூன்றின் சராசரி வாரம் 140-லிருந்து 280 கிராம் வரை ஏறினால் போதும். இரண்டு வாரம் பார்த்தும் அசையாவிட்டால் 200 கலோரி சேருங்கள், இன்னொரு கைப்பிடி கடலையும் ஒரு பழமும் அதற்குப் போதும். வாரம் அரைக் கிலோவுக்கு மேல் ஏறி இடுப்புச் சுற்றளவும் கூடினால் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் மட்டும் திடீரென்று ஒரு கிலோ ஏறலாம், அது தண்ணீரும் வயிற்றில் இருக்கும் உணவும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஜிம் நோட்டும் வேண்டும். நாலு மாதம் முன்பு தூக்கிய அதே வெயிட்டை அதே பத்து ரெப் தூக்கிக்கொண்டிருந்தால் ஆர்டரே வரவில்லை என்று அர்த்தம். இந்த இடத்தில் உங்கள் மாஸ்டரின் உதவி தேவை, அது என் துறை இல்லை. தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களுக்குத் தசைப் புரதம் உருவாவது 18 சதவீதம் குறைந்ததை 2021-ல் அளந்திருக்கிறார்கள். ஏற்றுமதி சீசனில் டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் நாளில் ஜிம்மை விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

டப்பாவில் மீதி இருக்கும் பவுடரைக் கொட்ட வேண்டாம். காலாவதித் தேதியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முட்டை கிடைக்காத நாட்களில் ஒரு ஸ்கூப்பைத் தண்ணீரில் இல்லாமல் பாலில் கலந்து குடித்துத் தீர்த்துவிடுங்கள். அடுத்த டப்பா வாங்குவதா என்பதை இரண்டு மாத எடைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கலாம். அந்தக் குறிப்பை இங்கேயே போடுங்கள், நான் பார்க்கிறேன்.